நூற்றுப் பன்னிரண்டு நாடாக்கள்

வரைபடத்தில் அது நேர்கோடு.
புவெர்த்தோ மோந்த் அலுவலகத்தில் யாரோ
காப்பி ஆறுவதற்குள் இழுத்தது.
இந்தப் பக்கக் கடலில் கிளம்பி, கணவாயைத் தொட்டு,
அந்தப் பக்கக் கடலில் இறங்குகிறது.
தாளில் மழை இல்லை.
கிலா மூங்கில் இல்லை.

கிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
வெட்டினால்
வெட்டியவன் மேலேயே சாயும்.
எரிபெர்த்தோ முன்னால் போகிறான், வெட்டரிவாளோடு,
மணிக்கு நூறு மீட்டர், அதுவும் நல்ல நாளில்.
பின்னால் ஓர்ஃபெலினா, சரிவுமானியைக் கண்ணில் ஒட்டி
"நூற்றுக்குப் பதினாலு... பதினாலு...
இங்கே இருபத்தாறு, வேண்டாம்" என்கிறாள்.
கடைசியில் நான்,
இடுப்பில் ஆரஞ்சு நாடாச் சுருள்.
அவர்கள் சரி என்ற இடத்தில்
கிளைக்கு ஒரு முடிச்சு.

நாங்கள் தேடும் வழியில்தான்
தண்ணீருக்கும் போக ஆசை.
பாதை போடுவதில் பாதி,
அதைப் பக்குவமாகப் பேசி
ஓரமாக அனுப்பிவைப்பது.

மூன்றாம் நாள் சுக்காவோ இடப்பக்கம் கூவியது.
கைக்குள் அடங்கும் குருவி, செங்கல் நிற நெஞ்சு,
கண்ணில் படாது.
வலப்பக்கம் கூவினால் போ,
இடப்பக்கம் என்றால் திரும்பு:
பட்டகோனியாவின் இந்தக் கரையில்
பேச்சு வராத பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.
எரிபெர்த்தோ அரிவாளைத் தாழ்த்தினான்.
ஓர்ஃபெலினா பொறியியல் படித்தவள்.
சிரிக்கவில்லை.
நின்ற இடத்திலேயே அரைவட்டம் திரும்பி
"இப்போது வலப்பக்கம்" என்றாள்.
நடந்தோம்.

நாற்பது நிமிடத்தில் காடு முடிந்தது.
காடு மட்டுமல்ல, தரையும்.
போன மாத மழையில் சரிந்திருக்க வேண்டும்,
அறுந்த வேர்கள் இன்னும் வெள்ளையாக இருந்தன.
கீழே கடல் பாறையோடு
பழைய கணக்கு ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தது.
வரைபடத்தைப் பொறுத்தவரை
நாங்கள் இன்னும் ஐந்நூறு மீட்டர்
அந்தரத்தில் நடக்கலாம்.

வறுத்த கோதுமை மாவில்
சர்க்கரையும் ஓடைநீரும் கலந்து தின்றோம்.
பறவையைப் பற்றி யாரும் பேசவில்லை.

திரும்பும் வழியில் நாடாக்கள் இல்லை.
முதல் கிளையில் இல்லை, அடுத்ததில் இல்லை.
காற்று என்றேன்.
காற்றுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது
என்றான் எரிபெர்த்தோ.

வெட்டவெளி தொடங்கும் இடத்தில், ரப்பர் பூட்ஸில்,
என் வயதுக்காரி ஒருத்தி நின்றாள்.
கையில் மாவுப் பை. அதை நீட்டினாள்.
"நூற்றுப் பன்னிரண்டு. எண்ணிக்கொள்ளுங்கள்."

எதீத்தா குவைக்கின்.
மூன்று நாளும் எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறாள்.
ஒரு சுள்ளி முறியவில்லை.
"போன முறை நாடா கட்டியவர்கள்
மின்கம்பம் நடக் கட்டினார்கள்.
அதற்கு முந்தியவர்கள் மரம் வெட்ட.
நீங்கள் எதற்கு?"

நடப்பதற்கு, என்றேன்.
"எங்கே போக?"
எங்கேயும் இல்லை, சும்மா நடக்க.
சொன்னபோது எனக்கே
கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது.
அவள் வெகுநேரம் யோசித்தாள்.
பிறகு கேட்டாள்:
"என் வேலிப்படலை யார் சாத்துவது?"

மறுநாள் அவளுடைய மாடுகளின் தடத்தில் ஏறினோம்.
சாணி இருக்கும் இடமெல்லாம் வழி.
ஓர்ஃபெலினா சரிவுமானியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.
பத்து. ஒன்பது. மறுபடி பத்து.
எந்த மாடும் கல்லூரிக்குப் போனதில்லை
என்று முனகினாள்.
எதீத்தா நாடாவைத் தொடவில்லை.
தன் ஆட்டு மயிரில் திரித்த நூலைக்
கிளைகளில் சுற்றிக்கொண்டே வந்தாள்.
"இரண்டு மழைக்காலத்தில் மட்கிவிடும்.
அதற்குள் ஆள் வந்தால் பாதை.
வராவிட்டால் காட்டுக்கு நஷ்டமில்லை."

கணவாயில் இரண்டு கடலும் தெரிந்தன,
ஒன்று சாம்பலாக, ஒன்று அதைவிடச் சாம்பலாக.
ஓர்ஃபெலினா குறிப்பேட்டில் எழுதினாள்:
படல் ஒன்று. தானாகச் சாத்தும் சுருள்வில் ஒன்று.

அப்போது சுக்காவோ கூவியது.
எந்தப் பக்கம் என்பதில்
எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.
நாலு பேரும் நாலு திசை பார்த்து நின்றிருந்தோம்.