மஞ்சள் வைத்த துணி

மார்கழி பிறந்ததிலிருந்து அவை ஒரு சொல் கதைக்கவில்லை.

நாலரைக்கே இருட்டிவிடும் எமென்டாலில்
சீஸ் ஆலை வேலை முடித்து நான் வரும்போது
தோட்டத்து மூலையில் இரண்டு பெட்டிகளும்
தலையில் ஒரு முழம் பனியோடு
என்னைத் தெரியாதவை போல நிற்கும்.

கம்பளிக் குல்லாவை மேலே தள்ளி
பலகையில் காதை ஒட்டுவேன்.
இடப்பக்கம் ஏதோ உண்டு:
மூடிய பானையில்
உலை கொதிக்கத் தொடங்குமுன் எழுகிற முனகல்.
வலப்பக்கம்
என் இரத்தம் ஓடுவதுதான் எனக்குக் கேட்கிறது.

பின்னால் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன்.
கனம் இருக்கிறது.
கனம் இருந்தால் தேன் இருக்கிறது.
தேன் இருந்தால்
தின்ன ஆள் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

திறக்கக் கூடாது.
திறந்தால் அவர்கள் சேர்த்த சூடு
ஒரு மூச்சில் போய்விடும்.

உள்ளே பத்தாயிரம் பேர்
ஒரு தேங்காய் அளவுக்கு நெருங்கி,
சிறகை மடித்து, தோளை மட்டும் நடுக்கி,
நடுவில் ஒருத்தியைக் காக்கிறார்கள்.
விளிம்பில் இருப்பவள் விறைக்குமுன் உள்ளே நுழைகிறாள்.
உள்ளே இருந்தவள் வெளியே வருகிறாள்.
எங்கள் ஆலையில்
முறைப் பட்டியலைச் சுவரில் ஒட்டியும்
சண்டை தீர்ந்தபாடில்லை.

காலையில் ஒரு நீலத்தலைச் சிட்டு வரும்.
இடப்பெட்டி வாசலில் அலகால் தட்டும்,
யாரென்று எட்டிப் பார்க்க வந்தவளைக்
கவ்விக்கொண்டு போகும்.
வலப்பெட்டியில் அது தட்டுவதே இல்லை.
ஆளில்லாத வீடு
அதற்குத் தெரியாதா?

"செத்தால் செத்ததுதான், சாப்பிடு"
என்றார் ஆனந்தசிவம்.
நான் சாப்பிட்டேன்.

தை பிறந்தது. வழி ஒன்றும் பிறக்கவில்லை.
இரண்டாம் நாள்
மலை தாண்டி ஃபோயன் காற்று வந்தது.
கூரையெல்லாம் சொட்டியது.
பன்னிரண்டு பாகை வெயிலில்
எல்லாருக்கும் தலைவலி.

மாலை வாசலில்
வேலிக்கு அப்பால் குடியிருக்கும் வெரேனா ரோத்லிஸ்பெர்கர்.
ஏழு வருடத்தில் என்னோடு பேசியது மூன்று வாக்கியம்.
அதில் இரண்டு என் மரத்து இலைகளைப் பற்றி.
கையில் ஈரமான வெள்ளை விரிப்பு.
விரித்துக் காட்டினார்.

மஞ்சள் புள்ளிகள்.
கடுகு கடுகாய், சிலதுக்கு வால் முளைத்து,
நாலு மூலையும் நடுவும்.

"உங்கள் தேனீக்கள்," என்றார்.
நாலாவது வாக்கியம்.

வீட்டை அசுத்தம் செய்யக் கூடாதென்று
ஆறு வாரம் அடக்கி வைத்திருந்து
முதல் வெயிலுக்கு வெளியே பறந்து
கழித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

விரிப்பை அவர் கையிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.
வலப்பெட்டிக்கு முன்னால் பனி முழுக்க மஞ்சள்.
வாசலடியில் நாற்பது, ஐம்பது பிணங்கள்,
கால்களைச் சுருக்கிக்கொண்டு.
பிணத்தை வெளியே இழுத்துப் போட
உள்ளே ஆள் வேண்டுமே!

பனியில் முழங்காலிட்டுச் சிரித்த என்னை
அந்த மனுசி வேலியருகே நின்று பார்த்தார்.

உடுக்குமுன் புதுத் துணியின் மூலையில்
மஞ்சள் வைப்பது எங்கள் வழக்கம், நல்லதுக்கு,
என்று சொல்ல நினைத்தேன்.
நல்லதுக்கு என்பதற்கு
ஜெர்மன் சொல் வாயில் வரவில்லை.
"உயிரோடிருக்கிறார்கள்" என்றேன்.
கொஞ்ச நேரம் பேசாமலிருந்து
"எல்லாருமா?" என்று கேட்டார்.

விரிப்பை நானே தோய்த்தேன்.
சோடா, எலுமிச்சை, கொதிநீர்.
எல்லாம் போயிற்று, மூலையில் ஒன்றைத் தவிர.
அதை நான்
அவ்வளவு அழுத்தித் தேய்க்கவில்லை என்பதும் உண்மை.

இரவு மறுபடி உறைபனி.
இஸ்திரி போட்டு மடித்தேன்,
அந்த மூலை மேலே வரும்படி.