இத்தியடிப்புலம், வடக்கு எல்லை

உறுதியில் நிலம் முழுக்க ஆட்களாகவே இருந்தது.
கிழக்கு, கதிர்காமர் விசுவர் பேர்.
தெற்கு, அவர் பெண்சாதி வள்ளிப்பிள்ளை சீதனம்.
மேற்கு, ஒழுங்கை.
வடக்கு, வைரவர் சூலம்.
1931, நொத்தாரிசின் சாய்ந்த கையெழுத்து.

நான் நிலஅளவையாளன்.
என் கருவி செய்மதியோடு பேசும்,
செத்தவர்களோடு பேசாது.

இருபத்தேழு வருஷம் ஆமி வைத்திருந்து
விட்ட காணி, வசாவிளானில்.
வீடில்லை, கதியாலில்லை, ஒழுங்கையில்லை.
புல்டோசர் எல்லாருடைய எல்லையையும்
ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தது.
செம்மண், நாயுண்ணி,
தூர்ந்துபோன ஒரு கிணற்றின் கட்டு.

மூத்தவள் வழியில் மகாலிங்கசிவம்,
இளையவள் வழியில் குணபூஷணி.
என் வரைபடத் தாளின் முதுகில்
இருவரும் ஒரே பேனாவால் வம்சம் கீறினார்கள்.
விசுவருக்கு இரண்டு பெண்.
சூலத்துக்குத் தெற்கே மூத்தவளுக்குச் சீதனம்,
வடக்கே இளையவளுக்கு முதுசம்.
அதுவரை சண்டையில்லை.

சூலம் எங்கே?

மகாலிங்கசிவம் காட்டிய இடத்தில் எருக்கலை.
குணபூஷணி காட்டிய இடத்தில்
போன கிழமை நட்ட சூலம்.
பெயின்ற் என் விரலில் ஒட்டியது.
"கனவில வந்து சொன்னவர்" என்றா.
நடுவில் முப்பத்தொரு அடி:
ஒரு வீட்டுக்கு அத்திவாரம், ஒரு தண்ணீர்த் தாங்கி,
மூன்று வருஷம் செத்தவீட்டுக்கும் போகாத கோபம்.

தாளில் கொப்புகள் நீண்டன.
மார்க்கம், பாரிஸ், பெயர் தெரியாத இரண்டாம் தாரம்,
குணபூஷணி எழுத விடாத ஒரு பெண்ணின் பெயர்.
யார் யாருக்குப் பிறந்தார் என்று தெரிந்தது.
எங்கே நின்றார் என்று தெரியவில்லை.

விதானைப் பெட்டை மல்லாகம் முகாமிலிருந்து
சின்னக்கிளியைக் கூட்டி வந்தா.
கொப்பில் இல்லாத ஆள்.
"கோயிலடிக்கு நான் போனதில்லை" என்றா எடுத்தவுடன்.
மகாலிங்கசிவம் சிரித்தார், பிறகென்ன சாட்சி.

"போக விடாதபடியால்தான் தெரியும்.
அம்மா குடத்தோட கிணத்தடியில நிப்பா
ஆராவது அள்ளி ஊத்தும் மட்டும்.
நான் வடக்கால நடப்பன்.
இருபத்திரண்டு எட்டில ஒரு கல்லு.
அதுக்கங்கால எங்கட ஆக்கள் வரப்படாது.
அதில நிண்டு பாத்தா நேர சூலம்.
ஒரு பூ எறிஞ்சா விழுகிற தூரம்.
எறிஞ்சிருக்கிறன்."

எத்தனை வயதில்?
"ஒன்பது."
என் நாடாவில் ஒன்பது வயது இல்லை.

மகாலிங்கசிவத்தின் மகள் பெடியன்
லீவுக்கு வந்து கைபேசியோடு நின்றான்.
சின்னக்கிளி அவனைக் கிணற்றுக் கட்டில் முதுகு முட்ட நிறுத்தினா.
"நட ராசா. அவதிப்படாத.
கையில குடம் இருக்கெண்டு நினை."
வெள்ளைச் சப்பாத்து சிவக்கச் சிவக்க நடந்தான்.
அவ எண்ணினா.
இருபத்திரண்டில் ஒன்றுமில்லை, புல்.
மண்வெட்டி ஒன்றரை அடியில் "ணங்" என்றது.
மேல்பக்கம் தேய்ந்த கல்.

எல்லாரும் அதைத் தாண்டி அங்கால் போனோம்.
சின்னக்கிளி போகவில்லை.
எருக்கலம்பூ ஒன்று பிடுங்கித் தரச் சொன்னா.
எறிந்தா.
"சின்னனிலயும் எனக்குக் கை இவ்வளவுதான்."

பூ விழுந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி
புகைக்கரி ஏறிய செங்கல்,
உடைந்த அகல் இரண்டு,
சூலம் இறக்குகிற துளையோடு ஒரு பீடம்.
எருக்கலையிலிருந்து பத்தொன்பது அடி.
புதுச் சூலத்திலிருந்து பன்னிரண்டு.

குணபூஷணி செருப்பைக் கழற்றினா.
மகாலிங்கசிவம் வாய்க்குள் கணக்குப் பார்த்து,
பிறகு தானும் கழற்றினார்.
பின்னேரமே கையெழுத்து வைத்தார்கள்.
வைரவருக்குச் சுற்றிவர ஒரு குழி நிலம், பொது.

பெடியன்தான் கேட்டான்,
ஏன் அன்ரி இந்தக் கல்லோட நிண்டனீங்கள் என்று.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
நான் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.
அன்று அது வழமையைவிட நீளமாயிருந்தது.

படிவத்தில் சாட்சியின் காணிக்கும் ஒரு கட்டம் உண்டு,
நான்கு எல்லை கேட்கும்.
கிழக்கு? "தகரம்."
தெற்கு? "அதுவும் தகரம். அங்கால சிவமணியாக்கள்."
மேற்கு? "கக்கூசுக்குப் போற வழி."
வடக்கு?
"அதை விடுங்கோ தம்பி,
நாலரை பஸ் போயிடும்."