பதினாறு கிலோமீட்டர் குறைகிறது

சின்னாறு சாவடியில் கம்பு இறங்கியிருந்தது.
வனக்காவலர் சாஜு என் ஹெல்மெட்டைப் பார்த்தார்,
பிறகு தொடையைத் தட்டிக்கொண்டிருந்த குணவதியை,
பிறகு பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கிய பைகளை.
"சைக்கிள் விடில்ல சேச்சி. ஆன உண்டு."

ஆனை மட்டும்
இரண்டு மொழியிலும் ஒரே உயரம்.

உடுமலையில் நாலரைக்குக் கிளம்பி
டைனமோ வெளிச்சத்தில்
சாலையின் வெள்ளைக்கோட்டைத் தின்றபடி வந்தவர்கள் நாங்கள்.
மிதித்தே போவதாக ஒப்பந்தம்.
குணா அதை நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தாள்:
ஏற்றத்தில் இறங்கித் தள்ளலாம், வண்டி ஏறக் கூடாது.
கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவு அவள்.
எடை சொன்னால் சொன்னதுதான்.

எட்டு மணிக்குக் காலித் தக்காளிப் பெட்டிகளோடு
ஒரு சின்ன வேன் வந்தது.
ஓட்டுநர் லூர்துராஜ் வாடகை கேட்கவில்லை.
"மறையூர்ல பத்துப் பெட்டி இறக்கிக் குடுங்க, போதும்."
சைக்கிள்களைக் கவிழ்த்துப் போட்டுக் கயிறு சுற்றினோம்,
மருந்து புகட்ட மல்லாத்திய ஆடுகளைப் போல
அவை கால்களை வானத்துக்குக் காட்டிக் கிடந்தன.

பதினாறு கிலோமீட்டர்.
முள். வெளுத்த பாறை. வறண்ட ஓடை.
தார்மேல் ஆவி பறக்கும் பச்சைப் பிண்டம்,
சாஜு பொய் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி.
குணா காட்டைப் பார்க்கவே இல்லை.
மூடிய நோட்டை மடியில் வைத்து
அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறையூரில் சந்தனமரங்களுக்குக் கம்பிவேலி,
ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஓர் எண்.
வாசனை வருமென்று மூச்சை இழுத்தேன்,
வந்தது கரும்புப்பாகு.
ஆலைக் கொட்டகையில் ஒருவர்
சூடு ஆறாத வெல்ல உருண்டையை
வாழைச்சருகில் வைத்துத் தந்தார்.
அதற்குப் பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம்
விரல் ஒட்டியது.

கோவில்கடவுக்கு மேலே பாறைமேட்டில் முனியறை.
நாலு பலகைக்கல், மூட ஒன்று.
எத்தனை வருஷம் பழையது என்று அறிவிப்பில் ஓர் எண்.
மழை அதில் ஒரு சுழியை அழித்திருந்தது.
குனிந்து பார்த்தேன்.
என் சைக்கிளைவிடக் குட்டையான அறை.
இங்கே படுத்தவர்
முழங்காலை மடக்கித்தான் படுத்திருக்க வேண்டும்,
பெடல் உச்சிக்கு வரும்போது
என் முழங்கால் மடிகிற அதே மடிப்பில்.

"இவங்களையும்," என்றாள் குணா,
காலையிலிருந்து பேசிய முதல் வார்த்தை,
"தூக்கிட்டுத்தானடி வந்திருப்பாங்க."

காந்தளூர் ஏற்றத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.
முதல் கியர். அதற்குக் கீழே கியர் கிடையாது.
காரையூரில் தண்ணீர் கேட்டோம், மோர் வந்தது.
பலகையில் மலையாளம், கொடுத்தவள் வாயில் தமிழ்,
ரேடியோவில் இரண்டும் இல்லாமல் கரகரப்பு.
கடைசி வளைவில்
பூண்டு மூட்டையோடு ஒரு கோவேறு கழுதை
என்னைத் தாண்டிப் போனது.
அதன் மணிச்சத்தம் மட்டும்
கொஞ்ச நேரம் கூட நின்றது.

இரவு விடுதியில் மீட்டர்களைப் படித்தோம்.
அவளுடையது நாற்பத்தாறு புள்ளி ஒன்று.
என்னுடையது நாற்பத்தெட்டு புள்ளி நாலு.
ஒரே சாலை, ஒரே வளைவுகள்,
சாயங்காலம் ஒரே இடத்தில் ஒரே மாதிரி விழுந்தோம்.

"உன் முன்சக்கரத்துல கயிறு போடல நீ."

வேன் போன வேகத்தில்
கவிழ்ந்து கிடந்த சக்கரத்தைக்
காற்று சுற்றியிருக்கிறது.
இரண்டு கிலோமீட்டர் முந்நூறு மீட்டர்,
காட்டுக்குள், யாரும் கேட்காமல்.

அவள் பேனாவைத் திறந்தாள்.
கழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.
"இதை," என்றாள், "யார் பேர்ல வரவு வைக்க?"

பக்கத்து அறையில் மலையாளச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.
தொடையில் தைலம் எரிந்தது.
நாளை இறக்கம்.
மறையூர் வரைக்கும்.