படுக்கையறையில் ஒரு மலை

எம்மலோர்டில் எங்கள் வீடு
கடல்மட்டத்துக்கு நான்கு மீட்டர் கீழே.
மழைநீரை இறைத்து மேலே தள்ளும்
நிலையத்தில் எனக்கு வேலை.
ஒரு மாரி முழுக்கப் பம்புகள் நின்றால்
உருளைக்கிழங்கு வயலில் மீன் மேயும்.

இந்தப் பள்ளத்துக்குத்தான்
மூன்று அட்டைப்பெட்டிகளில் வந்தது மலை:
கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூடாரம்,
நீளமாய் ஒரு குழாய்,
விடிய விடிய உறுமும் இயந்திரம்.
அதன் நெற்றியில் சிவப்பாய் 2700.

விட்ஸ்கெ உள்ளே போய்ப் படுத்து
ஜிப்பை இழுத்துக்கொண்டாள்.
ஹேரன்வேன் பனித்தளத்தில்
ஐயாயிரம் மீட்டர் சறுக்கு,
இன்னும் ஒன்பது வாரம்.
காற்றில் கொஞ்சம் குறைத்தால்
குருதியில் கொஞ்சம் கூடுமாம்.
பயிற்சியாளர் சொன்ன கணக்கு.

நான் வெளியே, தரையில் விரித்த மெத்தையில்.
அவள் மூச்சு பிளாஸ்டிக்கில் வியர்த்து
ஒரு துளி வழிந்து இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு
கீழே இறங்கும்.
திடீரென்று மூச்சு நிற்கும்.
உயரத்தில் தூங்குகிறவர்களுக்கு அது சகஜம்
என்று கையேடு சொல்கிறது.
கையேட்டுக்கு மனைவி இல்லை.
எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணுவேன்.
பதினொன்றில் ஒரு பெருமூச்சு.
அதற்குப் பிறகுதான் எனக்கும் வரும்.

நான்காம் வாரம் எண்ண முடியவில்லை.
ஜிப்பைத் திறந்து நுழைந்தேன்.
"ரெண்டு பேருக்கு இங்கே காற்றில்லை"
என்று தூக்கத்திலேயே சொன்னாள்,
சொல்லிக்கொண்டே நகர்ந்து இடம் விட்டாள்.
நா வறண்டது, நெற்றிப்பொட்டில் சுத்தியல்,
கனவெல்லாம் படிக்கட்டு.
மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும்.

எட்டாம் வாரம் அவள் ரத்தத்தைப் பார்த்த மருத்துவர்
காகிதத்தைத் திருப்பி வைத்தார்.
எதுவும் ஏறவில்லை.
சிலருக்கு ஏறுவதில்லை, காரணம் தெரியாது.
கூடாரத்தின் வாடகை எப்போது முடிகிறது என்று மட்டும்
வழியில் கேட்டாள்.
காரின் கண்ணாடிக்கு வெளியே
ஒரு மேடுகூட இல்லாத நிலம்
ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வாரம்தான் ரத்ததானத்துக்குப் போனேன்.
விரல் நுனியில் குத்திய செவிலி புருவம் தூக்கினாள்:
"போன தடவையைவிட நல்லா ஏறியிருக்கே,
விளையாட்டு வீரரா நீங்க?"
"இல்லை, தண்ணீர் இறைக்கிறேன்."

மூன்று நாள் மறைத்தேன்.
நான்காம் நாள், ஸ்கேட்டுக் கத்தியைத்
தீட்டிக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டேன்.
கல்லைக் கீழே வைத்தாள்.
சிரித்தாள். அடக்கமாட்டாமல் சிரித்தாள்,
மேசையைப் பிடித்துக்கொண்டு,
மூச்சு வாங்க, கண்ணில் நீர் வர.
எந்த நீர் என்று நான் பார்க்கவில்லை.
"அப்படின்னா நீயே போய்ச் சறுக்கு" என்றாள்.

ஏழாவதாக வந்தாள்.

மலையை மடித்து அட்டைப்பெட்டியில் போட்டோம்.
இப்போதெல்லாம் அணைக்கரையில் எதிர்காற்றில்
சைக்கிள் மிதித்தும்
வேலைக்கு நான்கு நிமிடம் முன்பே சேர்ந்துவிடுகிறேன்.
அங்கே எனக்கு ஒரு வேலையும் இருப்பதில்லை.
கைப்பிடியில் சாய்ந்து நின்று
அவளுக்குச் சேரவேண்டிய மூச்சை
மெதுவாக விடுகிறேன்.