விலைமனு

விடுதிக்குப் பாண் தேவையாம்.
நாளொன்றுக்கு நூற்றுப்பத்து இறாத்தல்.
விலைமனுவை மூடிய உறையில்
பதினைந்தாம் திகதிக்கு முன் சேர்ப்பிக்கவும்.
கடிதத் தலையில் அதே கூம்புக் கோபுரம்,
கீழே நான் அறியாத ஒரு கையெழுத்து.

மா படிந்த விரலோடு இரண்டு தரம் வாசித்தேன்.
மாங்குளத்தில் பேக்கரி போட்டு ஆறு வருசம்.
லீசிங்காரன், விறகுகாரன், மின்சாரசபை
எல்லாருக்கும் கணக்குச் சொல்லிப் பழகியவன்,
அன்றைக்குக் கல்குலேற்றரைத் தள்ளி வைத்தேன்.

ஒரு பெடியனுக்குக் காலையில் மூன்று துண்டு.
இரண்டைத் தின்பான்.
மூன்றாவதைக் காற்சட்டைப் பையில் அமுக்கி
இரவுப் படிப்பு முடியும்வரை காப்பான்.
ஒன்பது மணிக்கு விளக்கணைந்தால்
அறுபது கட்டிலிலும் எலி கொறிக்கும் சத்தம்.
அனுப்பிய படிவத்தில்
அந்தத் துண்டுக்கு ஒரு நிரல் இல்லை.

எங்கள் வரிசையில் படுத்தவர்களில்
கேதாரநாதன் குழாய்க்கிணறு அடிக்கிறான்.
வாளி அறுந்து விழுந்தால்
அன்றைக்கும் அவனைத்தான் இறக்குவார்கள்.
டெலிஸ்ரனுக்கு முறிகண்டியில் ரயர் கடை;
லீவுக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல்
வாசலில் நின்று
மற்றவர்களை ஏற்றிப்போன வாகனங்களின்
சில்லுகளையே பார்த்துக்கொண்டிருந்தவன்.
இளங்கோவேள் கொழும்புக்குப் பப்பாசி ஏற்றுகிறான்.
நல்ல வருமானமாம்.
என்னிடம் வாங்கிய நாற்பதாயிரம் பற்றிக் கேட்டால்
சிக்னல் இல்லை என்பான்.

ஒருவனுக்கும் முதல் தரத் தகப்பன் இருக்கவில்லை.
றங்குப்பெட்டியை எப்போதும் பூட்டி வைக்கவும்
ஒரு சவர்க்காரத்தை நூலால் நாலாய் அறுக்கவும்
படித்தோம். மிச்சம் வங்கிக் கடன்.

ஞானரூபனை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன்.
பக்கத்துக் கட்டில்.
இப்போது ஒட்டுசுட்டானில் அவனும் பேக்கரி.
விடுதியில் பாண் பங்கிடும் வேலை அவனுக்கு;
எப்போது எண்ணினாலும் பிழைக்கும்,
சின்னப் பெடியளின் மேசைக்கு ஒன்றிரண்டு கூடிவிடும்,
பிரம்படி மட்டும் கணக்காய் விழும்.

நான் நூற்றுப்பதினாறு ரூபா போட்டேன்.
அவன் நூற்றுப்பதினைந்து ஐம்பது.
ஐம்பது சதத்தால் தோற்றவன்
அன்று மாலை கடையில் ஒருவருக்கும்
மிச்சக் காசை முகம் பார்த்துக் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் மூன்றாம் திகதி,
சாமம் ஒரு மணி, நல்ல மழை.
கடை வாசலில் லாண்ட்மாஸ்ரர் இரைந்து நின்றது.
'மச்சான், போறணை வெடிச்சிட்டுது.'
பெட்டியில் ஈரச்சாக்குக்குக் கீழே
பிசைந்த மா முழுதும்,
ஒட்டுசுட்டானிலிருந்து வழி நெடுகப் பொங்கிப் பொங்கிச்
சாக்கை முட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தது.

வாடகை கேட்டான். சொன்னேன்.
குறைத்துக் கேட்டான்.
தணலைக் கிளறிக்கொண்டு
அதே தொகையை இன்னொரு முறை சொன்னேன்.
சிரித்தான், சாரத்தை மடித்துக் கட்டினான்.
விடியும்வரை இரண்டு பேருமாய்
அச்சுகளைத் தள்ளி இழுத்தோம்.
பேச்சு அதிகம் இல்லை. ஒருக்கால்
'வார்டன்ர கண்ணாடி நினைவிருக்கே' என்றான்.

ஐந்து மணிக்குப் பெட்டிகளில் அடுக்கும்போது எண்ணினேன்.
நூற்றுப்பதினாறு.
'ஆறு கூடவடா.'
'எனக்கு எண்ண வராதெண்டு உனக்குத் தெரியும்தானே.'

வாடகையை முழுதாய் வாங்கினேன்.
அவன் போனபின்,
ஆறு இறாத்தலுக்கு எரிந்த விறகை
எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று பார்த்தேன்.
முதல் பஸ் ஹோர்ன் அடித்தது, ஆள்கள் பாண் கேட்டார்கள்.
விறகுகாரனின் பில்லை அப்படியே
கம்பியில் குத்தினேன்.