இரண்டாவது கோல்

கௌதமபுரத்துப் பொதுக் கழிவறைச் சுவரில்
ரெஜினால்டுக்கு இந்த வருஷமும் இருபத்து மூன்று.
டிசம்பர் பிறந்தால் பெயின்டர் வந்துவிடுகிறான்,
ஓர் ஏணி, நாலு டப்பா, மடித்து மடித்து வெளுத்த போட்டோ.
வருஷா வருஷம் கொஞ்சம் சிவப்பாகிறான் ரெஜி,
மூக்கு எடுப்பாகிறது.
போன தடவை தலைமுடி
யாரோ ஒரு நடிகனுடையது.

எனக்கு அறுபத்தெட்டு.
சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று,
முழங்காலுக்குத் தைலம்.
நான் வருவதற்கு முன்னால் அதன் வாசனை வந்துவிடுகிறது.

கோப்பைக்கு அவன் பெயர்.
ஃப்ளெக்ஸில் அவன் முகம், கார்ப்பரேட்டர் முகம்,
கார்ப்பரேட்டர் மகன் முகம்.
அடியில் கொசு எழுத்தில்,
"முன்னாள் வீரர் திரு. சம்பத் பந்தை உதைத்துத் தொடங்கிவைப்பார்."
சம்பங்கி என் பெயர்.
சொன்னேன். "அடிச்சாச்சு சார்" என்றார்கள்.

எழுபத்தொன்பது. தங்கவயல்காரர்களோடு ஃபைனல்.
"ரெண்டு கோலும் நம்ம ரெஜி அண்ணன் போட்டது!"
மைக்கில் கத்துகிறவனின் அப்பனே அன்று பிறந்திருக்க மாட்டான்.
முதலாவது அவனுடையதுதான்.
பந்து காலை விட்டுப் போனது தெரியவில்லை,
வலை ஆடியதைத்தான் பார்த்தோம்.
இரண்டாவது
என் முழங்காலில் பட்டு உள்ளே உருண்டது.
இதே முழங்கால்.
விழுந்துகொண்டே போட்ட கோல், அழகில்லை,
வாய் நிறைய மண்.

பத்து வருஷம் சண்டை போட்டேன்.
பிறகு கேட்கிறவர்களிடம் மட்டும் சொன்னேன்.
பிறகு கேட்கிறவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள்.
போன மாதம் பஸ்ஸில் ஒரு பையன் விசாரித்தபோது
என் வாயே சொல்லிற்று:
"ரெண்டு போட்டான்."

அந்த ராத்திரி யெஸ்டியை உதைத்து
"ஏறுடா" என்றான்.
ஜெயித்த குஷியில் தின்ற கறி
என் வயிற்றில் தனி மேட்ச் ஆடிக்கொண்டிருந்தது.
"நீ போ, வர்றேன்" என்று ஓடினேன்,
இதே சுவருக்குப் பின்னால்.
டின் ஃபேக்டரி பக்கம் லாரி.
விடியும் முன் செய்தி வந்தது,
செம்போடு நாலாவது தடவை
வரிசையில் நின்றிருந்தேன்.

ஒருவன் தெய்வமானான்.
ஒருவன் பேதியில் பிழைத்தான்.
இதை எந்த மைக்கில் சொல்ல?

பொறாமை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.
முப்பத்தோரு வருஷம் எச்.ஏ.எல். கேன்டீனில் தட்டு எண்ணினேன்.
முப்பத்து நாலு வயதில் ஒரு நாள்
டீம் பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான்,
விசில்கூட ஊதவில்லை.
அவன் பெனால்டியை வெளியே அடித்ததில்லை.
அவனிடம் யாரும்
"இன்னுமா ஆடறே?" என்று இரக்கப்பட்டதில்லை.

போன வருஷம் தொடங்கிவைக்கச் சொன்னார்கள்.
செருப்பைக் கழற்றிவிட்டு உதைத்தேன்.
பழக்கத்தில் கால் இடது பக்கம் தள்ளிற்று,
அங்கேதான் அவன் ஓடிக்கொண்டிருப்பான்.
பந்து மெதுவாக, ரொம்ப மெதுவாகக்
கோட்டைத் தாண்டிச் சாக்கடை ஓரம் நின்றது.
கை தட்டினார்கள்.

இன்று பெயின்டர் ஏணியில் இருக்கிறான்.
"மேலுதட்டில் ஒரு தழும்பு இருக்கும்பா" என்றேன்,
"இடது ஓரம், அரை இஞ்ச். பிராக்டிஸில் என் முழங்கை பட்டது."
போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இதுல இல்லியே சார்."
"அது அதுக்கு முந்தி எடுத்தது."
"அழகா இருக்கட்டுமே சார்."

பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:
"நீங்க இவரைப் பார்த்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன், என்றேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ வாளியை இழுத்துக் குழாயடியில் வைத்தார்கள்.
தண்ணீர் வரவில்லை.