சாப்பு

ஊத்தான் மெலிந்தாங் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஆட்டுக்கறிக் கடைக்கும் டோபிக்கும் நடுவே
ஆறடி அகலம் என் கடை.
சாவி, பெயர்ப்பலகை, ரப்பர் சாப்பு.
ரப்பர் கொரியாவிலிருந்து பெட்டியில் வருகிறது.
இங்கே சுற்றிலும் செம்பனை.

எல்ஸ்டன் தோட்டப் பள்ளிக்குச் சாப்பு என் கைவேலைதான்.
கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும்
பழைய கடன் நோட்டில் ஒரு தடவை அடித்துப் பார்ப்பேன்.
ஏழு தலைமையாசிரியர்கள்
ஊதா மையில் அதில் இருக்கிறார்கள்.

மூன்றாமவர், விருது வாங்கிய வாரமே வந்து
பெயருக்குப் பின்னால் மூன்றெழுத்து சேர்க்கச் சொன்னார்.
இடமில்லை சார் என்றேன்.
அப்பா பெயரை எடுத்துவிடு என்றார்.

ஐந்தாமவர் ஓய்வு பெற்றும் சாப்பைத் திருப்பித் தரவில்லை.
சட்டைப் பையிலேயே கிடந்தது.
கோயில் கூட்டமோ எழவு வீடோ
யாராவது பாரம் நீட்டினால்
வாயால் ஊதி ஈரமாக்கி அடித்துக் கொடுப்பார்.
செல்லாது என்று வாங்கியவனுக்கும் தெரியும்.
நன்றி சார் என்று மடித்து வைத்துக்கொள்வான்.

எட்டாவது, புனிதவதி த/பெ அர்ச்சுனன்.
செவ்வாய்க்கிழமை, பள்ளி விட்டதும்,
வண்டியின் பின்சீட்டில் நான்கு பிள்ளைகளோடு வந்தார்
(வேன்காரன் ஜனவரியோடு நின்றுவிட்டானாம்).
மேல்வரியில் மலாயில் குரு பெசார்,
கீழ்வரியில் தமிழ்.

ஆசிரியரா டீச்சர், ஆசிரியையா?
"எது மலிவு?"
எழுத்துக்குக் காசில்லை, வரிக்குத்தான்.
"ர் போடுங்க. அந்த ஐயை வெச்சு
நான் என்ன பண்ணப் போறேன்?"

முன்னால் பெமாங்கு வேண்டுமா என்றேன்,
இன்னும் உறுதிக் கடிதம் வரவில்லையே என்று.
"பதினெட்டுப் பிள்ளைங்க.
பள்ளிக்கூடமே பெமாங்குதான். போடுங்க."

பின்சீட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது:
"பெசார்னா பெருசு.
ஆனா கோமளா டீச்சர்தானே உயரம்?"
"அதான் பல்பு மாத்த அவங்க,
கையெழுத்துப் போட நான்.
உள்ள உக்காரு."

சாப்பில் எழுத்தைத் திருப்பித்தான் செதுக்கவேண்டும்.
முன்பு பிளேடால், இப்போது இயந்திரத்தில்.
முப்பத்தாறு வருஷமாகத் தலைமையாசிரியரை
கண்ணாடியில் பார்ப்பதுபோலப் படித்து வருகிறேன்.
முதலில் ஒரு புள்ளி வைத்த ர்.
பிறகு ஆசிரியம்.
தலை வந்து சேர நேரமாகும்.

வெள்ளிக்கிழமை வாங்க வந்தார்.
நோட்டை விரித்தேன். கையை நீட்டித் தடுத்தார்.
"முதல் அடி இதுல."

ஒரு கடிதம். ஆறு வரி.
தெனிஷா என்ற இந்தப் பிள்ளை
இரண்டு வருஷமாக என் பள்ளியில் படிக்கிறாள்
என்பதை இதன்மூலம் உறுதிப்படுத்துகிறேன்.
பிறப்புப் பத்திரம் இல்லை.
அம்மா எங்கே என்று தெரியவில்லை.
தெலுக் இந்தான் பதிவு இலாகாவில்
ஐந்தாவது முறையாக ஏதோ தாள் கேட்டிருக்கிறார்கள்:
யாராவது ஒரு பெரியவர்
பதவியோடு எழுதித் தரவேண்டுமாம்.

அந்தப் பிள்ளை கவுண்டரில் தாடையை வைத்துக்கொண்டு
கெரோப்போக் தின்றுகொண்டிருந்தது.

அடித்தேன். கொஞ்சம் சாய்ந்துவிட்டது.
'சி'யின் கொம்பில் மை கசிந்தது.
வேறு தாளில் அடிக்கவா என்றேன்.
"வேணாம், படிக்க முடியுது."
கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு,
மை காயும்வரை
இட்லிக்கு ஆவி பார்ப்பதுபோல் குனிந்து ஊதினார்.

"எனக்கு?" என்று மணிக்கட்டை நீட்டியது பிள்ளை.
டீச்சரைப் பார்த்தேன்.
அவர் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்,
அல்லது எண்ணுவதுபோல் இருந்தார்.
அடித்துவிட்டேன்.

இருபத்தெட்டு வெள்ளி. மூன்றைக் குறைத்தேன்.
வாங்கவில்லை, ரசீது கேட்டார்.
ரசீதில் என் சாப்பை அடித்தபோதுதான் கவனித்தேன்,
என் பெயருக்குக் கீழும் ஒரு வார்த்தை இருக்கிறது:
உரிமையாளர்.
கடையே வாடகை.

நோட்டில் எட்டாவது இடம் காலியாக இருக்கிறது.
திங்கட்கிழமை அந்த வண்டி
தெலுக் இந்தான் சாலையில் போனதாக
டோபிக்காரன் சொன்னான்.
மணிக்கட்டை அதற்குள் கழுவியிருப்பார்கள்.